தெருமுனைப் பள்ளியில் ஓர் இடம்

ஆவடியில் குடியிருக்கும் ஒரு தாய், டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்த இரண்டு வயதுக் குழந்தையைத் தியாகராய நகரில் உள்ள பயிற்சி மையத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மின்சார ரயிலில் மூர் மார்க்கெட் வளாகம் வரை முதல் பயணம். இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாகச் சுரங்கப்பாதையில் நடந்து பூங்கா நிலையம். அங்கிருந்து இன்னொரு ரயில் பிடித்து மாம்பலம். ரங்கநாதன் தெரு நெரிசலைத் தாண்டி ஓர் ஆட்டோ. இந்தக் குழந்தைகளுக்குத் தசைகள் தளர்ந்திருக்கும். நடை வரவே பெரும்பாலும் இரண்டு வயது ஆகிவிடும். ஆகவே அத்தனை படிகளும் தாயின் இடுப்பில்தான் ஏறி இறங்குகின்றன. முக்கால் மணி நேரப் பயிற்சிக்கு அரை நாள் போய்விடும். வேலைக்குப் போகிறவர் என்றால் அன்றைய சம்பளமும் போகும். வாரம் இரண்டு முறை, மூன்று வருடம், இதை விடாமல் செய்ய முடிந்த வீட்டுப் பிள்ளை ஒரு விதமாக வளர்கிறது. முடியாத வீட்டுப் பிள்ளை வேறு விதமாக வளர்கிறது. இரண்டு பிள்ளைகளுக்கும் குரோமோசோம் எண்ணிக்கை 47தான்.

இப்படிப்பட்ட குழந்தையின் தலையெழுத்தை கூடுதலாக உள்ள அந்த ஒற்றைக் குரோமோசோமே எழுதிவிடுகிறது என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். ஆனால் கடந்த நாற்பது ஆண்டுக் கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. ஆங்கிலேய மருத்துவர் ஜான் லாங்டன் டவுன் இந்த நிலையை 1866இல் விவரித்தார். 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதே காரணம் என்று 1959இல் பாரிஸில் கண்டறிந்தார்கள். அமெரிக்காவில் டவுன் சிண்ட்ரோம் உள்ளவரின் சராசரி ஆயுள் 1983இல் 25 வயது. இன்று ஏறத்தாழ 60. இந்த இடைவெளியில் குரோமோசோமைச் சரிசெய்யும் மருந்து எதுவும் வந்துவிடவில்லை. இந்தக் குழந்தைகளில் சுமார் பாதிப் பேருக்கு இதயத்தில் குறை இருக்கும். பிறந்ததும் எக்கோ எடுத்துப் பார்த்து, அறுவைச் சிகிச்சை செய்தார்கள். ஆண்டுதோறும் தைராய்டு பார்த்தார்கள். காது சரியாகக் கேட்கிறதா என்று சோதித்தார்கள். ஏதோ ஒரு விடுதியில் விட்டுவிட்டு மறந்துபோவதை நிறுத்தினார்கள். அவ்வளவுதான். அதாவது முப்பத்தைந்து வருட ஆயுளைக் கூட்டிக் கொடுத்தது, குழந்தைக்கு எட்டும் தூரத்துக்கு வந்த சேவைகள். நம் ஊரிலும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் பிறவி இதயக் குறைக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள வழி இருக்கிறது. உயிரைக் காப்பாற்றும் இந்த முதல் பகுதியை ஓரளவு நன்றாகவே செய்கிறோம். காப்பாற்றிய பிள்ளையை வளர்க்கும் இரண்டாவது பகுதியில்தான் நாம் தடுமாறுகிறோம், அதுவும் தூரத்தால்.

சென்னைக்கு இந்தத் துறையில் பெருமைப்பட்டுக்கொள்ளும்படியான வரலாறு உண்டு. மேரி கிளப்வாலா ஜாதவின் முயற்சியால் கீழ்ப்பாக்கத்தில் பால விகார் சிறப்புப் பள்ளி 1953இல் தொடங்கியது. டவுன் சிண்ட்ரோம் உள்ள மகளுக்குத் தாயான சுரேகா ராமச்சந்திரன் முன்னின்று, 1984இல் இந்திய டவுன் சிண்ட்ரோம் கூட்டமைப்பைச் சென்னையில் உருவாக்கினார். 1989இல் தி.நகரில் மதுரம் நாராயணன் மையம் வந்தது. பச்சிளம் பருவத்திலேயே பயிற்சியைத் தொடங்கும் அதன் 'உபநயன்' முறை பரவலாக அறியப்பட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சகோதரி மேரி தியோடர் நிறுவிய மித்ரா, அண்ணா நகரில் இருக்கிறது. 2005இல் முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமே அமைந்தது. எல்லாம் சரிதான்; ஆனால் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். இவை அனைத்தும் பாடி மேம்பாலத்துக்கு நகரப் பக்கம் இருக்கின்றன, அல்லது கடலோரத்தில். மேற்கே தொழிற்பேட்டையும் டாங்கித் தொழிற்சாலையும் கொண்டுவரத் தெரிந்த நமக்கு, அங்கே வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சியாளரைக் கொண்டுவரத் தோன்றவில்லை. புறநகர் என்பதால் முடியாது என்றும் சொல்ல இயலாது. பூந்தமல்லி என்றதுமே பார்வையற்றோர் பள்ளிதான் பலருக்கும் நினைவுக்கு வரும்; பார்வைக் குறைபாடு உள்ளோருக்கான மத்திய அரசின் மண்டல மையமும் அங்கேதான் டிரங்க் ரோட்டில் இருக்கிறது. வேண்டும் என்று நினைத்தபோது பூந்தமல்லிக்கு வர முடிந்திருக்கிறது.

தூரம் என்பது கிலோமீட்டரில் மட்டும் இல்லை. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. 2018இல் அந்த வட்டமே சென்னை மாவட்டத்துக்குப் போய்விட்டது. ஆவடி 2019இல் தனி மாநகராட்சி ஆனாலும் இருப்பது திருவள்ளூர் மாவட்டத்தில். பூந்தமல்லியும் அப்படியே. ஆகவே திருமுல்லைவாயலில் இருக்கும் பிள்ளைக்கு மாற்றுத்திறனாளி நல அலுவலகம் மேற்கே, திருவள்ளூரில். அதே ரயில் பாதையில் அடுத்த நிறுத்தமான அம்பத்தூரில் இருக்கும் பிள்ளைக்கு அது கிழக்கே, சென்னையில். வாடகை வீடு மாறினால் அலுவலகமும் மாறும். போதாததற்குச் சான்றிதழ் விவகாரம் வேறு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் டவுன் சிண்ட்ரோம் தனியாக இல்லை. அறிவுசார் குறைபாடு என்ற தலைப்பின் கீழ்தான் வரும். பயன்கள் பலவற்றுக்கும் 40 சதவீதம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதை அளக்கும் ஐ.க்யூ. சோதனையைக் கைக்குழந்தைக்கு வைக்க முடியாது. எடுத்த சான்றிதழையும் பிள்ளை வளர வளரப் புதுப்பிக்க வேண்டும், ஏதோ இடையில் ஒரு குரோமோசோம் குறைந்திருக்கும் என்பதுபோல. பயிற்சியால் அதிகப் பயன் கிடைப்பது முதல் மூன்று வருடங்களில். காகிதம் முழுமையாகக் கைக்கு வருவதோ அதற்குப் பிறகு. பராமரிப்புக்கு அரசு மாதம் தரும் 2,000 ரூபாய் பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் கணிசமான பகுதி ஆட்டோவுக்கே போய்விடும் என்றால், அதை வாங்கிக்கொண்டு போய்ச் சேர வேண்டிய இடத்தையே அருகில் கொண்டுவருவது மலிவில்லையா?

புதிய திட்டம் எதையும் இதற்காகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆர்.பி.எஸ்.கே. என்ற சிறார் நலத் திட்டம் 2013இலிருந்து நடக்கிறது. அதன் பட்டியலில் டவுன் சிண்ட்ரோம் பெயர் சொல்லியே இருக்கிறது. அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இரு முறை மருத்துவக் குழு வந்து பார்க்க வேண்டும், குறை தெரிந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது அதன் விதி. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கான அங்கன்வாடி நெறிமுறையை மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்டது. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடிகள் இருக்கின்றன. உலக வங்கிக் கடனுடன் நடக்கும் 'உரிமைகள்' திட்டத்தில் 'விழுதுகள்' என்ற பெயரில் சேவை மையங்களைத் திறந்துவருகிறார்கள், திசை சரியானது. ஆனால் எத்தனை மையம் திறந்தோம் என்று எண்ணுவதைவிட, ஒரு தாய் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எத்தனை வண்டி மாற வேண்டியிருக்கிறது என்று எண்ணினால் நிலவரம் புரியும். மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளர் வாரத்தில் இரண்டு நாள் ஆவடியிலும் ஒரு நாள் பூந்தமல்லியிலும் அரசு மருத்துவமனையில் வந்து அமர்வது, அவர் காட்டிக்கொடுத்ததை மீதி நாட்களில் அங்கன்வாடிப் பணியாளரும் தாயும் தொடர்வது. கேட்பது இவ்வளவுதான்.

இத்தனை ஏற்பாடு செய்யும் அளவுக்கு எண்ணிக்கை இருக்கிறதா என்று கேட்கலாம். எழுநூறு முதல் ஆயிரம் பிறப்புக்கு ஒன்று என்பது பொதுவாக ஏற்கப்பட்ட விகிதம். 2011 கணக்கெடுப்பில் ஆவடியில் சுமார் மூன்றரை லட்சம் பேர், அம்பத்தூரில் நான்கரை லட்சத்துக்கும் மேல். தமிழகத்தின் பிறப்பு விகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டால், அன்றைய மக்கள்தொகைக்கே இந்த இரண்டு ஊர்களிலும் ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு குழந்தைகள் என்று மதிப்பிடலாம். ஐந்து வயதுக்குள் ஐம்பது, அறுபது பேர். கைவிடும் அளவுக்குச் சின்ன எண்ணும் இல்லை, சமாளிக்க முடியாத பெரிய எண்ணும் இல்லை. தவிரவும், பேச்சு தாமதமாகும் பிள்ளை, ஆட்டிசம் உள்ள பிள்ளை, மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை எல்லோருக்கும் வேண்டியது அதே பயிற்சியாளர்கள்தாம்.

இனி பள்ளிக்கூடம். சேர்க்கை மறுக்கப்படும்போது யாரும் கடுமையாகப் பேசுவதில்லை. "உங்க நல்லதுக்குத்தான்மா சொல்றேன், ஸ்பெஷல் ஸ்கூல்ல போட்டா பாப்பா நல்லா வருவா" என்று அக்கறையாகத்தான் சொல்வார்கள். இந்த அக்கறைக்கு ஆதாரம் இருக்கிறதா என்று இங்கிலாந்தில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். ஒரே மாவட்டத்தில், டவுன் சிண்ட்ரோம் உள்ள பதின்பருவத்தினரில் சிலர் சாதாரணப் பள்ளியிலும் சிலர் சிறப்புப் பள்ளியிலும் படித்தார்கள். எங்கே சேர்வது என்பதைப் பெரும்பாலும் அவர்கள் குடியிருந்த பகுதிதான் தீர்மானித்திருந்தது, திறமை அல்ல. சூ பக்லியும் சக ஆய்வாளர்களும் இரு தரப்பையும் ஒப்பிட்டார்கள். சாதாரணப் பள்ளிப் பிள்ளைகள் பேச்சில் இரண்டரை வருடம், எழுத்து வாசிப்பில் மூன்று வருடத்துக்கும் மேல் முன்னே இருந்தார்கள். சரி, சட்டை மாட்டுவது, காசு எண்ணுவது போன்ற அன்றாடக் காரியங்களிலாவது சிறப்புப் பள்ளி முந்துமே என்றால், அதிலும் முந்தவில்லை. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் சிறப்புப் பள்ளிக்குச் சாதகம் தெரிந்தது: தன்னைப் போன்ற நண்பர்கள். சாதாரணப் பள்ளியில் வளரும் பிள்ளைக்குப் பதின்வயதில் தனிமை வரக்கூடும். இது உண்மையான குறை. வார இறுதியில் இத்தகைய பிள்ளைகளும் பெற்றோரும் கூடும் சங்கங்கள் அதற்காகத்தான் தேவை. பள்ளியையே மாற்றுவது அதற்கு மருந்து ஆகாது.

வாசிப்பு பற்றிக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் மொழிக்கு இதில் தனிப் பாடம் இருக்கிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளுக்குக் காதால் கேட்டதை நினைவில் நிறுத்துவது கடினம். கண்ணால் பார்த்தது நன்றாகப் பதியும். இது பல ஆய்வுகள் உறுதி செய்த செய்தி. நாமோ தமிழை எப்படித் தொடங்குகிறோம்? ஆசிரியர் முன்னால் சொல்ல, வகுப்பு பின்னால் சொல்ல, அ, ஆ, இ, ஈ என்று காது வழியாக 247 எழுத்து. அந்தப் பிள்ளையின் பலவீனமான வாசலில் நின்று தட்டிக்கொண்டே இருந்துவிட்டு, கதவு திறக்கவில்லை, படிப்பு ஏறவில்லை என்கிறோம். மாற்றிச் செய்யலாம். ஓர் அட்டையில் பால் டம்ளரின் படம், கீழே 'பால்'. இன்னொன்றில் தாயின் புகைப்படம், கீழே 'அம்மா'. முதலில் அட்டையோடு அட்டையைப் பொருத்தட்டும். பிறகு சொன்னதை எடுத்துத் தரட்டும். வாய் திறந்து சொல்வது கடைசியில் வரட்டும். எழுத்தைப் பிரிக்காமல் சொல்லை முழுதாக, ஒரு முகத்தை அடையாளம் காண்பதுபோலக் காணட்டும். சமையலறை டப்பாவில் 'உப்பு', 'புளி' என்று ஒட்டினால் வீடே பாடநூல்தான். பேருந்தின் நெற்றியில் 'அம்பத்தூர் ஓ.டி.' என்று இருப்பதை வாசிக்கிற பிள்ளை, எழுத்தைப் பிரிக்கத் தெரியாமலே வீட்டுக்குப் போகும் வண்டியை அடையாளம் காணும். இங்கிலாந்தில் இப்படி மூன்று வயதிலேயே வாசிக்கக் கற்ற ஒரு பெண் குழந்தையின் கதைதான், 1980ஐ ஒட்டி சூ பக்லியை இந்த ஆராய்ச்சிக்குள் இழுத்தது. பேச்சு வந்த பிறகு வாசிப்பு என்று காத்திருக்க வேண்டாம். வாசிப்பே பேச்சைக் கொண்டுவரும் என்பது அதில் கிடைத்த பாடம்.

நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியை எப்படி இதையும் செய்வார் என்பது நியாயமான கேள்வி. ஆசிரியர்களைக் குறை சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. ஆனால் ஒரே வகுப்பில் பல மட்டம் என்பது தமிழக அரசுப் பள்ளிகளுக்குப் புதிதல்ல. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை அவரவர் நிலைக்கு ஏற்பப் பிரித்துக் கற்பிக்கும் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை 2022 ஜூனில் முதலமைச்சர் தொடங்கிவைத்தது இதே திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான். அரும்பு நிலையில் இன்னொரு பிள்ளை கூடுதல் நாள் இருந்தால் வகுப்பு கவிழ்ந்துவிடாது. வகுப்பாசிரியைக்கு வேண்டியது துணை. தொடக்க வகுப்புகளில் பத்து மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் பதினைந்துக்கு ஒருவர் என்று உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் விகிதம் வகுத்தது. அதற்கான பணியிடங்களை அறிவிக்கும்படி 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மறுபடியும் சொல்ல வேண்டி வந்தது. இங்கே ஒரு சிறப்பாசிரியர் பல பள்ளிகளைச் சுற்றி வருகிறார், அதுவும் தொகுப்பூதியத்தில். அந்த ஊதியம் வருவது ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதியிலிருந்து. பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்டத்தை ஏற்கவில்லை என்பதற்காக 2024-25இல் மத்திய அரசு நிறுத்திவைத்த 2,152 கோடி ரூபாயும் இதே நிதிதான். கொள்கைச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். இந்தப் பிள்ளைகளின் ஆசிரியர் சம்பளத்தை அந்தச் சண்டைக்கு வெளியே வைப்பது இரு அரசுகளுக்குமே கடமை.

வீட்டுக்கே வந்து சொல்லித்தருகிறோமே என்று ஒரு சமாதானமும் உண்டு. படுத்த படுக்கையாக இருக்கும் பிள்ளைக்கு அது வரம். நடந்து, ஓடி, கைகொட்டிச் சிரிக்கிற பிள்ளைக்கு அது வீட்டுச் சிறை. வீட்டில் இருந்தபடி கற்பது என்ற ஏற்பாட்டைக் கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம், கடுமையான குறைபாடு உள்ள பிள்ளையின் விருப்பத் தேர்வாகத்தான் வைத்திருக்கிறது. பள்ளியின் வசதிக்காக அல்ல. 2016 சட்டத்தின் 31ஆவது பிரிவும், 6 முதல் 18 வயது வரை அருகமைப் பள்ளியா சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பிள்ளையின் பக்கம்தான் வைக்கிறது. காலை உணவுத் தட்டோடு வரிசையில் உட்கார்ந்து, பக்கத்துப் பிள்ளை எப்படிச் சாப்பிடுகிறது என்று பார்த்துச் சாப்பிடக் கற்பது எந்த வீட்டுப் பயிற்சியிலும் வராது.

பழைய ஆட்கள் முன்வினை என்றார்கள். நாகரிகமானவர்கள் இப்போது தெய்வக் குழந்தை என்கிறார்கள். முதலாவது தாயைக் குற்றவாளியாக்குகிறது. அதன் கொடுமை எல்லோருக்கும் தெரியும். இரண்டாவதன் ஆபத்து அவ்வளவாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. தெய்வத்திடம் யாரும் வீட்டுப்பாடம் கேட்பதில்லை. தட்டைக் கழுவி வை என்று சொல்வதில்லை. பொத்தானைத் தானே போட்டுக்கொள்ளட்டும் என்று பத்து நிமிடம் பொறுப்பதுமில்லை. கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மற்றப் பெற்றோர் சிலர் தங்கள் பிள்ளையின் படிப்பு கெடும் என்று அஞ்சுவதும் உண்டு. இப்படி ஒரு பிள்ளை வகுப்பில் இருப்பதால் மற்றவர்களின் மதிப்பெண் சரிந்ததற்கு ஆதாரம் எதுவும் நான் பார்த்ததில்லை. ஆசிரியை இல்லாத வகுப்பால் சரிவதற்குத்தான் ஆதாரம் வேண்டியதே இல்லை.

கடைசியாக, சங்கடமான ஒரு கேள்வி. கருவிலேயே கண்டுபிடித்துவிடலாமே, பிறகு எதற்கு இத்தனை ஏற்பாடு? ஒரு பெண் தன் கர்ப்பத்தைத் தொடர்வதா வேண்டாமா என்பது அவள் முடிவு. 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டம், கருவில் கடுமையான குறை என்று மருத்துவ வாரியம் சொன்னால் வாரக் கெடுவைக்கூட விலக்கியிருக்கிறது. அவள் முடிவில் தலையிட எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் அந்த முடிவை எடுக்கும் நாளில் அவளுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? இதயம், தைராய்டு, ஆயுள், பள்ளி, பக்கத்தில் பயிற்சி கிடைக்குமா என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டாமா? எதுவும் கிடைக்காத ஊரில் எடுக்கும் முடிவைச் சுதந்திரமான முடிவு என்று எப்படிச் சொல்வது? வயதான தாய்க்குத்தான் இப்படிப் பிறக்கும் என்ற நம்பிக்கையும் பாதி உண்மைதான். வயது கூடக் கூட வாய்ப்பு கூடும்; ஆனாலும் பிள்ளை பெறுகிறவர்களில் பெரும்பாலோர் 35க்குக் கீழே என்பதால், இந்தக் குழந்தைகளிலும் பெரும்பாலோர் இளம் தாய்மார்களுக்கே பிறக்கிறார்கள். பரிசோதனை எவ்வளவு பரவினாலும் பிள்ளைகள் பிறந்துகொண்டுதான் இருப்பார்கள். அமெரிக்க மருத்துவர் பிரயன் ஸ்காட்கோவின் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில், டவுன் சிண்ட்ரோம் உள்ள 284 பேரைக் கேட்டபோது 99 சதவீதத்தினர் தம் வாழ்க்கை மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னார்கள். ஆதரவு அமைப்புகளோடு தொடர்பில் இருந்த குடும்பங்கள் அவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஆதரவு ஆவடியிலும் கிடைத்தால் என்ன என்பதுதான் என் கேள்வியே.

நமக்குப் பிறகு இவன் என்ன ஆவான் என்று பெற்றோர் இரவில் விழித்துக்கிடப்பதற்கும் இந்தத் தூரத்துக்கும் தொடர்பு உண்டு. அரசு வேலையில் அறிவுசார் குறைபாடு உள்ளிட்ட பிரிவுகளுக்கு ஒரு சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதை நம்பி உட்கார முடியாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சின்னப் பட்டறைகளில் எண்ணி அடுக்குவது, அட்டைப் பெட்டி மடிப்பது, லேபிள் ஒட்டுவது என்று ஒரே வேலையைப் பிசகாமல் திரும்பத் திரும்பச் செய்யும் ஆட்களுக்கு எப்போதும் தேவை இருக்கிறது. அந்த வேலை விளம்பரத்தில் வருவதில்லை. தெரிந்தவர் சொல்லித்தான் கிடைக்கும். இருபது வருடம் தினமும் நகரத்துக்குப் போய்வந்த பிள்ளையை, சொந்தத் தெருவில் யாருக்குத் தெரியும்? தெருமுனைப் பள்ளியில் கூடப் படித்தவன் நாளைக்குப் பட்டறை வைத்திருப்பான். அவனுக்கு இவன் பெயர் தெரிந்திருக்கும், என்ன செய்வான் என்பதும் தெரிந்திருக்கும்.

அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு கூடுகிறது. பெற்றோர் யாரும் அதில் கேள்வி கேட்கலாம். உங்கள் பிள்ளைக்கு எந்தக் குறையும் இல்லாவிட்டாலும், அடுத்த கூட்டத்தில் இரண்டு விஷயம் கேளுங்கள்: இந்தப் பள்ளியின் எல்லைக்குள் இருக்கும் மாற்றுத்திறன் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் வகுப்புக்கு வருகிறார்கள்? சிறப்பாசிரியர் வருவது எந்தக் கிழமை? பதிலைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.